கிலோமீட்டரில் தெரியாத அடிமைத்தனம்

லோயர் கேம்ப்பில் இருந்து குமுளிக்கு ஏறும் மலைச்சாலையில் விடியற்காலையில் ஓடுகிறவர்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரே பட்டம்தான்: ஓட்டப் பைத்தியம். ஓடுகிறவர்களும் தங்கள் பங்குக்கு, "நான் ஓட்டத்துக்கு அடிமை" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சைக்கிளில் அதே மலையை ஏறுகிறவர்களும் அப்படியே. ஊர் சொல்வதும் அவர்கள் சொல்வதும் பெரும்பாலும் உண்மைக்குப் பொருந்துவதில்லை. இப்படிப் பொத்தாம்பொதுவாகப் பேசுவதால் இரண்டு கெடுதல்கள் நேர்கின்றன. நல்ல பழக்கம் உள்ள ஒருவரை வீட்டார் நோயாளியாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள். உண்மையிலேயே சிக்கிக்கொண்டவரோ, சுற்றியிருப்பவர்கள் கைதட்டுவதால் தன் சிக்கலை உணராமலே இருந்துவிடுகிறார். இரண்டாவது ஆளைப் பற்றிய கவலையில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

உடற்பயிற்சி அடிமைத்தனம் என்றால் என்ன, அது எப்படி உண்டாகிறது, அதில் ஒருவரின் ஆளுமைக்கு என்ன பங்கு? விளையாட்டுப் பின்னணியோ உளவியல் படிப்போ இல்லாதவர்களும் புரிந்துகொள்ளலாம்.

எவ்வளவு ஓடுகிறார் என்று கேட்காதீர்கள்

முதலில் ஒரு சொல். நீண்ட நேரம் இடைவிடாமல் உடலை இயக்க வேண்டிய போட்டிகளைத் தாங்குதிறன் விளையாட்டுகள் என்கிறோம். 42.2 கிலோமீட்டர் மாரத்தான், 3.8 கிலோமீட்டர் நீச்சலும் 180 கிலோமீட்டர் சைக்கிளும் ஒரு முழு மாரத்தானும் சேர்ந்த அயர்ன்மேன், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரவே சைக்கிள் பயணம் எல்லாம் இந்த வகை. இவற்றுக்குத் தயாராகிறவர் வாரத்துக்குப் பத்து மணி நேரம், பதினைந்து மணி நேரம் பயிற்சி செய்வது சாதாரணம். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது மலைப்பாக இருக்கலாம். மலைப்பாக இருப்பதாலேயே அது நோய் ஆகிவிடாது.

ஓர் உதாரணத்துக்கு, அந்த மலைச்சாலையில் ஓடும் இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் வாரத்துக்கு எண்பது கிலோமீட்டர் ஓடுகிறார். காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்கிறார். தங்கை வீட்டு விசேஷம் என்றால் ஒரு வாரம் ஓடாமல் இருக்கிறார். கொஞ்சம் ஏக்கம், அவ்வளவுதான். இன்னொருவர் ஓடுவது நாற்பது கிலோமீட்டர்தான். கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே, கால் எலும்பில் ஓர் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார். வலியில் முகம் சுருங்குகிறது. அடிக்கடி அங்கே அழுத்திப் பார்த்ததில் அந்த இடத்துத் தோலே கொஞ்சம் கன்றிப்போயிருக்கிறது. ஆறு வாரமாவது ஓய்வு வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை அவர் மனைவியிடம் மறைத்திருக்கிறார். கணுக்காலைச் சுற்றி இறுக்கக் கட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, நாடாவை முடிந்துகொண்டு கிளம்பிவிடுகிறார்.

கிலோமீட்டர்க் கணக்கைப் பார்த்தால் முதல் ஆள்தான் "பைத்தியம்". உதவி தேவைப்படுபவர் இரண்டாமவர்.

அதே சாலையில் அந்நேரத்துக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாகப் போகும். நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்கும் அவர்களின் உடல் உழைப்பு எந்த மாரத்தான்காரருக்கும் குறைந்ததில்லை. அதை யாரும் அடிமைத்தனம் என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. கூலி கிடைத்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வை அவர்கள் ஆசையோடு எதிர்பார்ப்பார்கள். ஓய்வு என்ற சொல்லைக் கேட்டதும் ஒருவருக்கு மனத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் நாம் தேடும் விஷயம் இருக்கிறது.

முதலுக்கு ஓடுவதும் வட்டிக்கு ஓடுவதும்

திராட்சைப் பந்தல் போட ஒரு விவசாயி கடன் வாங்குகிறார். கல் தூண், கம்பி, கூலி எல்லாம் அந்தக் கடனில் நடக்கிறது. விளைச்சல் வருகிறது, கையில் காசு நிற்கிறது. கடன் அவருக்கு நன்மைதான் செய்திருக்கிறது. அடுத்த வருடம் விலை சரிகிறது. இப்போது புதிதாக ஒரு கடன் வாங்குகிறார்; பழைய கடனின் வட்டியை அடைக்க. அதற்கடுத்தது அதன் வட்டிக்கு. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு தடவையும் ஒரே காரியம்தான்: ஒருவர் போய்ப் பணம் வாங்கி வருகிறார். உள்ளே நடப்பது வேறு. முதலில் ஒன்றைப் பெறுவதற்காக வாங்கினார். பிறகு ஒன்றைத் தவிர்ப்பதற்காக வாங்குகிறார்.

ஓட்டமும் இப்படித்தான் நிறம் மாறுகிறது. ஆரம்பத்தில் ஓடினால் உற்சாகம், நல்ல தூக்கம், தன்னம்பிக்கை. செய்தால் நன்மை கிடைக்கிறது, அதனால் மறுபடி செய்கிறோம். இதை உளவியலில் நேர்மறை வலுவூட்டல் என்பார்கள். சிலருக்கு ஒரு கட்டத்தில் கணக்குத் திரும்பிவிடுகிறது. ஓடாவிட்டால் பதற்றம், எரிச்சல், குற்ற உணர்ச்சி. அதிலிருந்து தப்பிக்க ஓடுகிறார்கள். வேதனை நீங்குவதற்காக ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது எதிர்மறை வலுவூட்டல். அடிமைத்தனத்தின் அச்சாணி இதுதான்.

ஆய்வாளர்களிடையிலும் இந்த இரண்டு முகங்களைப் பற்றி வாதம் நடந்தது. 1976-இல் அமெரிக்க மனநல மருத்துவர் வில்லியம் கிளாசர், ஓட்டத்தை "நல்ல அடிமைத்தனம்" என்று பாராட்டி எழுதினார். மனத்துக்கு வலு சேர்ப்பது, கெட்ட பழக்கங்களை விரட்டுவது என்பது அவர் வாதம். மூன்றே ஆண்டுகளில், 1979-இல், வில்லியம் மார்கன் என்ற உளவியலாளர் மறுத்தார். காயத்தோடு ஓடுகிறவர்களை, வேலையையும் குடும்பத்தையும் ஓட்டத்துக்காகக் கைவிடுகிறவர்களைச் சுட்டிக்காட்டி, இதில் தீய முகமும் உண்டு என்றார். என் பார்வையில் மார்கன் பக்கமே வலுவானது. நல்லதாக இருக்கும்வரை அதை ஈடுபாடு என்று சொன்னால் போதுமே, அடிமைத்தனம் என்ற கனமான சொல் எதற்கு?

இதுவரை பார்த்தது: பயிற்சியின் அளவு அடிமைத்தனத்தைக் காட்டாது. இன்பத்துக்காகச் செய்தது, துன்பத்தைத் தவிர்ப்பதற்காகச் செய்வதாக மாறும் இடத்தில்தான் அது தொடங்குகிறது.

ஆறு அடையாளங்கள்

பிரிட்டன் உளவியலாளர் மார்க் கிரிஃபித்ஸ், எந்த நடத்தை அடிமைத்தனத்துக்கும் ஆறு கூறுகள் உண்டு என்கிறார். போதைப்பொருள் எதுவும் இல்லாமல், ஒரு செயலுக்கே ஒருவர் அடிமையாவதுதான் நடத்தை அடிமைத்தனம். அந்த ஆறையும் ஓட்டத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். வாழ்க்கையில் வேறெதையும்விட ஓட்டமே முதலிடம் பிடிப்பது ஒன்று. மனநிலையை மாற்ற ஓட்டத்தையே நம்பியிருப்பது இரண்டாவது. முன்பு ஐந்து கிலோமீட்டரில் கிடைத்த நிறைவுக்கு இப்போது பதினைந்து தேவைப்படுவது மூன்றாவது. இதற்குப் பழகிப்போதல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நிறுத்தினால் வரும் எரிச்சலும் தூக்கமின்மையும் நான்காவது. இவை விலகல் அறிகுறிகள். வீட்டிலும் வேலையிலும் தனக்குள்ளும் மோதல் வருவது ஐந்தாவது. குறைத்துவிட்டுச் சில நாளிலேயே பழைய அளவுக்குத் திரும்பிவிடுவது ஆறாவது.

இந்த ஆறையும் ஆறு கேள்விகளாக்கி, 2004-இல் டெர்ரி, சாபோ, கிரிஃபித்ஸ் ஆகிய மூவரும் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 30-க்கு 24 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து வட்டத்துக்குள் இருக்கிறார் என்று பொருள். ஆபத்து வட்டம் என்றுதான் சொல்கிறார்கள், நோய் என்று சொல்வதில்லை. இந்த வேறுபாட்டைச் செய்திகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

விலகல் அறிகுறிகளைப் பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. 1970-இல் பேக்லண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், உடற்பயிற்சியை நிறுத்தினால் தூக்கம் எப்படி மாறுகிறது என்று பார்க்க விரும்பினார். ஒரு மாதம் நிறுத்த வேண்டும், அதற்குப் பணம் தருகிறோம் என்று அழைத்தார். நாள் தவறாமல் பயிற்சி செய்கிறவர்கள், எவ்வளவு பணம் கொடுத்தாலும் முடியாது என்று மறுத்துவிட்டார்கள். கடைசியில் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் மட்டும் பயிற்சி செய்கிறவர்களை வைத்தே ஆய்வை நடத்த வேண்டியதாயிற்று. அவர்களுக்கே தூக்கம் கெட்டது, பதற்றம் கூடியது. அந்த ஆய்வின் அட்டவணைகளைவிட, ஆய்வுக்கு வர மறுத்தவர்கள்தான் எனக்கு அதிகம் சொல்கிறார்கள்.

மூளைக்குள் நடப்பது

"எண்டார்பின் சுரக்கிறது, அதுதான் போதை" என்ற விளக்கத்தை எல்லோரும் கேட்டிருப்போம். உடலே தயாரிக்கும் வலிநிவாரணிதான் எண்டார்பின். நீண்ட தூரம் ஓடினால் இரத்தத்தில் அதன் அளவு கூடுவது உண்மை. ஆனால் இரத்தத்தில் உள்ள எண்டார்பின், மூளையைச் சுற்றியுள்ள பாதுகாப்புத் தடுப்பைத் தாண்டி எளிதில் உள்ளே போக முடியாது. ஆகவே இரத்தப் பரிசோதனையை வைத்து மட்டும் மூளையின் மகிழ்ச்சியை விளக்க முடியாது. 2008-இல் ஜெர்மனியில் பத்து ஓட்டக்காரர்களை இரண்டு மணி நேரம் ஓடவைத்து மூளையைப் படமெடுத்தபோது, மூளைக்குள்ளேயே அந்த வகைப் பொருள்கள் வெளிப்படுவதற்கான தடயம் கிடைத்தது. 2021-இல் வந்த இன்னோர் ஆய்வில், எண்டார்பினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு ஓடவைத்தார்கள். அப்போதும் ஓட்டத்தின் பரவசம் குறையவில்லை. கஞ்சாவின் வேதிப்பொருளை ஒத்த, உடலே சுரக்கும் எண்டோகன்னாபினாய்டு என்ற பொருளுக்குப் பெரிய பங்கு இருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள். ஆகவே எண்டார்பின் என்ற ஒற்றைச் சொல்லோடு கதையை முடித்துவிட முடியாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொரு விளக்கம். தொடர்ந்து பயிற்சி செய்கிறவரின் உடல், ஓய்வில் இருக்கும்போது மிக அமைதியாக இயங்கப் பழகிக்கொள்கிறது. இதயத்துடிப்பு நிமிடத்துக்கு ஐம்பதுக்கும் கீழே இறங்குவது தேர்ந்த ஓட்டக்காரர்களிடம் சகஜம். உடலை உசுப்பிவிடும் நரம்பு மண்டலமும் ஓய்வு நேரத்தில் அடங்கியே இருக்கிறது. இதைச் சிலர் மந்தமாக, சோர்வாக உணர்கிறார்கள். அந்த மந்தத்தைப் போக்க மறுபடி ஓடுகிறார்கள். ஓடினால் உடல் இன்னும் பழகுகிறது. 1987-இல் தாம்சன், பிளான்டன் என்ற இருவர் முன்வைத்த கருத்து இது. மேலே சொன்ன கடன்காரர் நிலைமை உடலுக்குள்ளேயே நடப்பதை இது காட்டுகிறது. இது இன்னும் கருதுகோள்தான்; அடிமைத்தனம் முழுவதையும் இது ஒன்றே விளக்கிவிடாது. ஒரே மலையை ஏறும் நூறு பேரின் உடலும் ஏறத்தாழ இப்படித்தான் பழகுகிறது. அவர்களில் சிலர் மட்டும் ஏன் சிக்குகிறார்கள்?

ஆளுமையின் பங்கு

ஆளுமை என்று இங்கே சொல்வது மேடைப் பேச்சுக்காரரின் கம்பீரத்தை அல்ல. ஒருவர் நினைப்பதிலும் உணர்வதிலும் நடந்துகொள்வதிலும் பல ஆண்டுகள் நீடித்து நிற்கும் சாயல்தான் உளவியலில் ஆளுமை. அதை ஐந்து பெரும் பண்புகளாகப் பிரித்து அளப்பார்கள்: எளிதில் கவலைக்கும் பதற்றத்துக்கும் ஆளாகும் மனத்தளம்பல், பிறரோடு கலகலப்பாக இருக்கும் புறமுகத் தன்மை, விட்டுக்கொடுத்துப் போகும் இணக்கம், ஒழுங்கும் கடமை உணர்வும், புதியவற்றில் நாட்டம். இவை யாரிடமும் இருக்கிறது, இல்லை என்று பிரிவதில்லை. எல்லோரிடமும் கூடக் குறைய இருக்கின்றன.

உடற்பயிற்சி அடிமைத்தனத்தை ஆராய்ந்தவர்கள் பலர், மனத்தளம்பல் அதிகம் உள்ளவர்களிடம் ஆபத்து கூடுவதையும், இணக்கம் குறைந்தவர்களிடமும் அப்படியே இருப்பதையும் கண்டிருக்கிறார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதே. எதற்கும் பதறும் மனத்துக்கு ஓட்டம் கைமருந்து மாதிரி வேலை செய்கிறது. வேறு மருந்து தெரியாதபோது அந்த ஒன்றையே பிடித்துக்கொள்கிறது. இணக்கம் குறைந்தவருக்கு, "இன்று போகாதீர்கள்" என்று வீட்டில் சொல்வது தடையாகவே தெரிவதில்லை. நாமெல்லாம் எதிர்பார்க்கும் ஒழுங்குக் குணத்தைப் பற்றி மட்டும் முடிவுகள் ஒன்றுபோல வருவதில்லை. கண்டிப்பான ஒழுங்கு உள்ளவர் பயிற்சி அட்டவணையைத் தவறவிடமாட்டார். அதே ஒழுங்கால் அட்டவணையில் எழுதியிருக்கும் ஓய்வு நாளையும் தவறவிடமாட்டார்.

அந்த ஐந்துக்கு வெளியே இருக்கும் ஒரு குணத்துக்கு நான் அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன். அது எதிலும் குறையே இருக்கக் கூடாது என்ற பிடிவாதம். இதற்குப் பரிபூரணவாதம் என்று பெயர். இதில் இரண்டு இழைகள் உண்டு. உயர்ந்த இலக்கு வைத்து அதை நோக்கி உழைப்பது ஒன்று. தவறிவிடுவோமோ, பிறர் என்ன சொல்வார்களோ என்று சதா அஞ்சுவது இன்னொன்று. பெரும்பாலானவர்களிடம் இரண்டும் கலந்தே இருக்கும். அச்சத்தின் பங்கு கூடினால், ஓடி முடித்த இருபது கிலோமீட்டர் மனத்தில் நிற்காது. விட்டுப்போன ஒரு கிலோமீட்டர் நிற்கும். நம் பகுதிப் பிள்ளைகளை முதல் மதிப்பெண், முதல் பரிசு என்றே வளர்க்கிறோம். பின்னாளில் அவர்கள் கையில் ஓட்டத்தை அளக்கும் கடிகாரம் ஒன்று வந்து சேர்கிறது. வேகம், தூரம், துடிப்பு என்று அது தினமும் மதிப்பெண் போட்டுக்கொண்டே இருக்கிறது. இந்தக் குணம் உள்ளவருக்கு அது ஓய்வே இல்லாத பரீட்சை. அப்படிப்பட்ட ஒருவரைத் தெரிந்தால் வாரத்தில் சில நாளாவது கடிகாரம் இல்லாமல் ஓடச் சொல்லுங்கள் என்பது என் வேண்டுகோள்.

கனடா உளவியலாளர் ராபர்ட் வாலராண்ட் 2003-இல் முன்வைத்த ஒரு பிரிப்பும் உதவும். இசைவான ஈடுபாடு என்றால், ஓட்டம் என் வாழ்க்கையில் ஒரு பங்கு. எப்போது ஓடுவது என்று நான் முடிவு செய்கிறேன். ஆட்டிப்படைக்கும் ஈடுபாடு என்றால், ஓட்டம் முடிவு செய்கிறது. என் மதிப்பே அதில்தான் தொங்குகிறது. ஒருவர் தன்னை "ஓட்டக்காரன்" என்ற ஒன்றாக மட்டுமே எண்ணிக்கொள்ளும்போது, ஓடாத நாளில் அவர் யாருமில்லாதவராகிவிடுகிறார். தன்மதிப்புக் குறைந்தவர்களும், பிறரின் வியப்பிலேயே உயிர்வாழ்கிறவர்களும் இந்த வலையில் எளிதில் விழுவதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

இங்கே ஒரு தடுப்புச் சுவர் தேவை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரு சமயத்தில் கேள்வித்தாள் கொடுத்து எடுத்தவை. பதற்றம் ஓட்டத்துக்குத் தள்ளியதா, ஓட்டத்தில் சிக்கியதால் பதற்றம் கூடியதா என்று அவற்றால் பிரித்துச் சொல்ல முடியாது. பதற்றக்காரர் எல்லோரும் சிக்குவதும் இல்லை. வேலை பறிபோவது, துணையின் மறைவு, பெரிய தோல்வி போன்ற ஏதோ ஒன்று வந்து, ஓட்டம் தவிர ஆறுதல் வேறு இல்லாதபோதுதான் பெரும்பாலும் முடிச்சு இறுகுகிறது.

ஆளுமைப் பகுதியைச் சுருக்கினால்: எளிதில் பதறும் மனம், குறை பொறுக்காத பிடிவாதம், ஓட்டத்தையே தன் அடையாளமாக்கிக்கொள்வது ஆகியவை சரிவைச் செங்குத்தாக்குகின்றன. உருட்டிவிடுவது பெரும்பாலும் வாழ்க்கைச் சூழல்.

எத்தனை பேருக்கு?

2019-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அந்த ஆறு கேள்வித் தாளின்படி, தாங்குதிறன் விளையாட்டு வீரர்களில் சுமார் 14 சதவீதம் பேர் ஆபத்து வட்டத்தில் இருந்தார்கள். பொதுமக்களில் சுமார் 3 சதவீதம். பந்து விளையாட்டு, எடை தூக்குதல் போன்றவற்றைவிடவும் ஓட்டக்காரர்கள், சைக்கிள்காரர்கள் கணக்கே கூடுதல்.

இந்த எண்ணைக் கவனமாகக் கையாள வேண்டும். "என் வாழ்க்கையில் உடற்பயிற்சியே முக்கியம்" என்ற பொருளில் ஒரு கேள்வி இருக்கிறது. போட்டிக்குத் தயாராகும் வீரர் அதற்கு ஆம் என்று சொல்வதில் வியப்பில்லை. பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினீர்களா என்ற கேள்விக்கும் அவர் ஆம் என்றே சொல்வார். பயிற்சியாளர் கொடுத்த திட்டமே அதுதான். வீரர்களிடம் இந்தக் கேள்வித்தாள் கொஞ்சம் மிகைப்படுத்தும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் சூதாட்டம் மட்டுமே நடத்தை அடிமைத்தனமாக இடம்பெற்றது. உடற்பயிற்சிக்குப் போதிய சான்று இல்லை என்று விட்டுவிட்டார்கள். வகைப்பாட்டில் பெயர் இல்லை என்பதால் துன்பம் இல்லை என்று ஆகிவிடாது. கேள்வித்தாளை இணையத்தில் நிரப்பிவிட்டுத் தனக்குத்தானே நோய்ப்பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம் என்பதுதான் அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

சாப்பாட்டையும் பாருங்கள்

சிலரிடம் ஓட்டம் நோக்கமே அல்ல. எடையைக் குறைப்பதுதான் நோக்கம். சாப்பிட்ட இரண்டு தோசையை "எரிக்க" ஓடுகிறார்கள், ஓடாத நாளில் சாப்பிடப் பயப்படுகிறார்கள். உணவுக் கோளாற்றோடு சேர்ந்து வரும் இந்த நிலையை இரண்டாம்நிலை அடிமைத்தனம் என்றும், உணவுச் சிக்கல் இல்லாமல் தனியாக வருவதை முதல்நிலை என்றும் பிரிக்கிறார்கள். இந்தப் பிரிப்பு மருத்துவருக்கு மிகவும் முக்கியம், ஏனென்றால் இரண்டாம்நிலையில் முதலில் கவனிக்க வேண்டியது உணவுக் கோளாற்றை.

உழைப்புக்குத் தேவையான ஆற்றலை உடலுக்குக் கொடுக்காமல் தொடர்ந்து ஓடினால், உடல் மற்ற செலவுகளைக் குறைக்கத் தொடங்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகலாம்; ஆண்களுக்கு ஆண்மைச் சுரப்பு குறையலாம்; எலும்பு நலிந்து கீறல் விடலாம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இலிருந்து இதற்குத் தனிப் பெயர் கொடுத்து எச்சரித்து வருகிறது. ஓடும் பெண்பிள்ளைக்கு மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால், "பயிற்சியில் அப்படித்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால்

ஷூவை ஒளித்துவைப்பதாலும் சண்டை போடுவதாலும் பலனில்லை, ஒளிந்து ஓடுவார். "ஓடாதே" என்பதைவிட, "ஓடாமல் இருக்கும்போது உனக்கு என்ன செய்கிறது?" என்று கேட்பது நல்லது. அவரே அதுவரை யோசித்திராத கேள்வியாக அது இருக்கக்கூடும். ஒரு வாரம் ஓய்வு எடுத்துப் பார்க்கலாமா என்று பேசிப் பாருங்கள். சம்மதித்து, கொஞ்சம் முணுமுணுப்போடு அந்த வாரத்தைக் கடந்துவிட்டால் பெரும்பாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. அந்தப் பேச்சையே தாங்க முடியாமல் கொந்தளித்தால், அல்லது காயத்தை மறைத்து ஓடுவது தெரியவந்தால், ஆள் தனியாகச் சமாளிக்கும் கட்டத்தைக் கடந்துவிட்டார்.

சிகிச்சை என்றதும் ஓட்டத்தையே பிடுங்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஓடாவிட்டால் என்ன ஆகும் என்று மனம் கட்டிவைத்திருக்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து மாற்றும் பேச்சு சிகிச்சையே பொதுவாகப் பயன்படுகிறது. ஓட்டத்தைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், பதற்றத்தைத் தணிக்க வேறு வழிகளைக் கற்பதும் அதன் நோக்கம். கூடவே மனச்சோர்வோ உணவுக் கோளாறோ இருந்தால் அதற்கும் மருத்துவம் பார்ப்பார்கள்.

பயிற்சியாளர்களிடமும் ஓட்டக் குழுக்களை நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். காயத்தோடு ஓடி முடித்தவரின் படத்தைப் போட்டு "மன உறுதி" என்று பாராட்டுவதை நிறுத்துங்கள். வாராந்திரத் திட்டத்தில் ஓய்வு நாளையும் பயிற்சி நாளைப் போலவே எழுதிக் கொடுங்கள், எடுத்தாரா என்று மறுநாள் விசாரியுங்கள். காயம்பட்டு வீட்டில் இருப்பவரைக் குழுவில் இருந்து விலக்கிவைக்காமல், தண்ணீர் கொடுக்கவோ நேரம் குறிக்கவோ கூப்பிடுங்கள்.

பேச ஆள் வேண்டும் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமானால் தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகும்போது மூன்று விவரங்களைக் குறித்து எடுத்துப் போங்கள்: கடைசியாக எப்போது ஒரு முழு வாரம் பயிற்சி இல்லாமல் இருந்தார், இப்போது என்ன காயம் இருக்கிறது, கடந்த சில மாதங்களில் எடையும் தூக்கமும் எப்படி மாறியிருக்கின்றன.